காட்சிப் பெட்டிக்குள் நமது சிலந்திகள்

மேலை நாடுகளில் டரன்டியூலா எனும் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் செல்லப்பிராணியாக வளர்ப்போர் பலர். அவர்கள் பெரிதும் விரும்பும் ‘பொசிலொத்தேரியா’ பேரினம் இலங்கையிலும் இந்தியாவிலும் மாத்திரமே இயற்கையாக வாழ்கின்றது. 2012 இல் விஞ்ஞான உலகிற்கு அறிவிக்கப்பட்ட, கால்களை விரித்தால் சுமார் 20 சென்ரிமீற்றர் வரும் சிலந்தி நமது மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்டதாகும்.

முதிய மரங்களின் பொந்துகளே இவற்றின் உறைவிடம். காடழிப்பினால் அம்மரங்கள் அருகிவரும் வேளையில், பிடித்துக் கடத்துவோரும் சேர்ந்துகொண்டால் என்னாவது? பெண் சிலந்தி முதிர்ச்சியடையவே சில ஆண்டுகள் செல்லும். இழப்பு இலகுவில் ஈடாகாது. (இவற்றின் கடி உண்டாக்கும் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வருத்தும் என்பதை வாங்குவோர் அறிவரோ, யாமறியோம்.)

2019 இல் இப்பேரினம் முழுவதும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதிப்பத்திரமின்றி எல்லை கடத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும், பெட்டியில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா என்பதைச் சிலந்தியைப் பார்த்த மாத்திரத்தில் சுங்க அதிகாரி கூறிவிட முடியாது.