ஆய்வேடு புத்தகமாவது எப்படி? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பற்றி ஆய்வு செய்து ஒருவர் பிஎச்.டி. முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் ஒரு மின்னஞ்சல் வருகிறது: ‘பணம் கட்டுங்க, ஆய்வேட்டை ஒரே மாதத்தில் புத்தகமாக்கித் தருகிறோம்.’ கட்டலாமா?

ஆசை வருவது இயல்புதான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, கல்லூரி ஆசிரியரின் நூல் சர்வதேசப் பதிப்பகத்தில் வந்தால் 12 மதிப்பெண், தேசியப் பதிப்பகத்தில் வந்தால் 10. ஆனால், முறையான கல்விப் பதிப்பகம் இப்படி வேலை செய்வதில்லை.

முதலில் முன்மொழிவு

நூல் என்ன சொல்கிறது, யார் படிப்பார்கள், ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சில பக்கங்களில் எழுதி, மாதிரி இயலோடு அனுப்ப வேண்டும். ஆய்வேட்டை அப்படியே அனுப்பினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அது தேர்வாளருக்காக எழுதியது, புத்தகம் வாசகருக்கானது.

அடுத்து மதிப்பாய்வு

பதிப்பாசிரியருக்குப் பிடித்தால், துறை அறிந்த இரண்டு, மூன்று பேருக்குப் போகும். அவர்கள் யாரென்று பெரும்பாலும் எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். ‘ஆங்கிலேயர் ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினால் போதுமா?’ என்று கேட்டால், பதில் சொல்லித் திருத்தியாக வேண்டும். பிறகு கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு போன்ற பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் பேராசிரியர்கள் குழு ஒப்புதல் தர வேண்டும்.

ஒப்பந்தம் முதல் அச்சு வரை

ஒப்பந்தம் கையெழுத்தானதும் மொழித் திருத்தம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, சொல்லடைவு என வேலை நகரும். படங்களுக்கு அனுமதி வாங்குவது பொதுவாக எழுதியவர் பொறுப்பு. எல்லாம் முடிய ஒன்று, இரண்டு வருஷம்கூட ஆகலாம். சுவாரஸ்யம் என்னவென்றால், வெளிநாட்டுப் பதிப்பகங்களின் திருத்த, வடிவமைப்பு வேலைகளில் கணிசமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கின்றன.

அச்சான நூலை 30 நாட்களுக்குள் சென்னை கன்னிமாரா உட்பட 4 பொது நூலகங்களுக்குப் பதிப்பகம் அனுப்ப வேண்டும் என்கிறது 1954-ம் ஆண்டுச் சட்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

‘ஐஎஸ்பிஎன் உண்டு’ என்பதை வைத்து ஏமாற வேண்டாம். அது வெறும் அடையாள எண். இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லோரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும் ‘ஓப்பன் அக்சஸ்’ நூலுக்கு நல்ல பதிப்பகங்களும் கட்டணம் கேட்பதுண்டு. ஆனால், பணம் கட்டினாலும் மதிப்பாய்வைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

எனவே, கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘என் கையெழுத்துப் பிரதியை யார் படித்துப் பார்ப்பார்கள்?’ பதில் வரவில்லையா, பணம் கட்டாதீங்க.