ப்ளிமத்துக்கு விமானம் இல்லை, பாராவுக்கு உண்டு: ஏன்?

இன்னைக்கு ஒரு விமான நிலையத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். அங்கே ரன்வே தாரும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. வெறும் கடற்கரை மணல். கடல் ஏறும்போது மூணு ரன்வேயும் தண்ணிக்குள்ள போயிடும். தண்ணி வடிஞ்ச பிறகுதான் விமானம் இறங்க முடியும். அதனால விமானம் எத்தனை மணிக்குங்கிறதை அங்கே கடல்தான் முடிவு பண்ணுது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பாரா தீவு அது. மக்கள்தொகை சுமார் 1,200. கிளாஸ்கோவிலிருந்து 19 பேர் உட்காரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானம் அங்கே போய்வருது.

இப்போ அப்படியே இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கு வாங்க. ப்ளிமத். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழும் துறைமுக நகரம். கடற்படைத் தளம் இருக்கு, பல்கலைக்கழகம் இருக்கு. விமான நிலையம்? 2011 டிசம்பரில் மூடிட்டாங்க.

1,200 பேருக்கு விமானம் உண்டு, இரண்டரை லட்சம் பேருக்கு இல்லை. இது எப்படி நடந்ததுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

ப்ரொப்பெல்லர்னா பழசு இல்லை

இந்த ரெண்டு ஊருக்கும் பறந்தவை டர்போப்ராப் விமானங்கள். ப்ரொப்பெல்லரைப் பார்த்ததும் பழைய காலத்து விமானம்னு நாம நினைச்சுக்கறோம். உண்மையில் உள்ளே இருப்பது ஜெட்டில் இருப்பது போன்ற ஒரு டர்பைன்தான். ஜெட்டில் அது காற்றை அதிவேகமாகப் பின்னால் தள்ளும். டர்போப்ராப்பில் அந்தச் சக்தி ப்ரொப்பெல்லரைச் சுற்றப் பயன்படுது. நிறைய காற்றை, கொஞ்சம் மெதுவாகத் தள்ளும். குறைந்த வேகத்தில் இதுதான் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி.

300 கிலோமீட்டர் பயணத்தை எடுத்துக்கோங்க. ஜெட் தனக்கு ஏற்ற உயரத்துக்கு ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்க ஆரம்பிக்கணும். வேகமா போய் மிச்சமாகிறது சில நிமிஷம்தான். டர்போப்ராப்புக்குச் சின்ன ரன்வேயே போதும். சின்னச் சின்ன ஊர்களும் தீவுகளும் நிறைந்த பிரிட்டனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

சொல்லப்போனால் இதைத் தொடங்கி வைத்ததே பிரிட்டன்தான். 1950 ஜூலை 29 அன்று விக்கர்ஸ் விஸ்கவுண்ட் விமானம் லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து பாரிஸுக்குப் பறந்தது. டிக்கெட் வாங்கிய பயணிகளோடு பறந்த உலகின் முதல் டர்பைன் விமானம் அது. அதிலிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் எஞ்சின்தான் பிறகு எச்.எஸ். 748 விமானத்திலும் வந்தது. பெயர் புதுசா இருக்கா? கான்பூரில் எச்.ஏ.எல். உரிமம் வாங்கித் தயாரிச்சு, இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டின 'ஆவ்ரோ' இதுதான். வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

பிரைமன் காலம்

ப்ளிமத் கதைக்கு வருவோம். 1972-ல் பில் பிரைஸ் என்பவரும் கார் பந்தய வீரர் கிறிஸ் ஏமனும் சேர்ந்து ஒரு விமான நிறுவனம் தொடங்கினாங்க. ரெண்டு பேர் பெயரையும் ஒட்டினால் 'பிரைமன்'. ப்ளிமத்தின் ரன்வே 1,200 மீட்டருக்கும் குறைவு. பெரிய ஜெட்டுகள் அந்தப் பக்கமே வர முடியாது. பிரைமன் அங்கேயே தளம் அமைச்சு லண்டனுக்குப் பறந்தது.

அவங்ககிட்ட இருந்த டேஷ் 7, நான்கு எஞ்சின் கொண்ட டர்போப்ராப். மிகக் குறைந்த தூரத்தில் இறங்கும். 1982-ல் லண்டனின் கைவிடப்பட்ட கப்பல்துறைப் பகுதியில் அதை இறக்கிக் காட்டினாங்க. "நகரத்துக்குள்ளேயே விமான நிலையம் சாத்தியம்" என்பதற்கு அதுதான் சாட்சி. 1987-ல் லண்டன் சிட்டி விமான நிலையம் திறந்தது. பிறகு ரன்வேயை நீட்டி, ஜெட்டுகளும் வந்துடுச்சு. வழி காட்டினது டர்போப்ராப், இடம் பிடிச்சது ஜெட்.

கணக்கு எங்கே உதைக்குது?

விமானம் நல்லா இருக்கு, ஊருக்குத் தேவையும் இருக்கு. அப்புறம் ஏன் ரூட் நிக்குது? ரெண்டு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, ஸ்லாட். நெரிசலான விமான நிலையத்தில் இறங்கி ஏற ஒதுக்கப்படும் நேரம். 78 பேர் வரும் டேஷ் 8 க்யூ400-க்கும் 180 பேர் வரும் ஏர்பஸ்ஸுக்கும் ஒரே ஒரு ஸ்லாட்தான் தேவை. அப்போ விமான நிலையம் யாரை விரும்பும்? சின்ன விமானங்களுக்குக் கட்டணம் ஏறிப்போச்சுன்னு புலம்பிய ஃப்ளைபி நிறுவனம், 2013-ல் தன் கேட்விக் ஸ்லாட்டுகளை 2 கோடி பவுண்டுக்கு ஈசிஜெட்டிடம் விற்றது.

ரெண்டாவது, வரி. பிரிட்டனில் புறப்படும் பயணிகளுக்கு வரி உண்டு. 2020-ல் சாதாரண வகுப்புக்கு 13 பவுண்டு. பாரிஸ் போய் வந்தால் அதை ஒரு தடவை கட்டினால் போதும், ஏன்னா திரும்பி வரும்போது புறப்படுவது பிரான்ஸ். உள்நாட்டுக்குள்ளேயே போய் வந்தால் ரெண்டு தடவை, அதாவது 26 பவுண்டு. 60 பவுண்டு டிக்கெட்டில் 26 போனா என்ன மிஞ்சும்?

ப்ளிமத்தில் நட்டம் தாங்காமல் 2011-ல் கடையைக் கட்டினாங்க. லண்டன் தவிர்த்த உள்நாட்டு விமானங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டை ஓட்டிய ஃப்ளைபி, 2020 மார்ச் 5 அன்று ஒரே இரவில் நின்னுபோச்சு. கொரோனா கடைசித் தள்ளு மட்டும்தான். 2022-ல் அதே பெயரில் மறுபடி தொடங்கி, 2023 ஜனவரி 28-ல் மீண்டும் மூடல். உள்நாட்டு வரியை அரசு பாதியாக்கியது அதே வருஷம் ஏப்ரலில். ரெண்டே மாசம் லேட்டு.

பாராவுக்கு யார் கொடுக்கறாங்க?

பாரா ரூட்டும் டிக்கெட் காசை மட்டும் நம்பினால் தாங்காது. ஆனால் அது 'பொதுச்சேவைக் கடமை' என்ற பட்டியலில் இருக்கு. அதாவது, லாபம் இல்லைன்னாலும் இந்தச் சேவை வேணும்னு முடிவெடுத்து ஸ்காட்லாந்து அரசு மானியம் தருது. படகில் போனால் ஓபன் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு நோயாளியை நினைச்சுப் பாருங்க.

ப்ளிமத்துக்கு ரயில் இருக்கு, சாலை இருக்கு, சுமார் 70 கிலோமீட்டரில் எக்ஸெட்டர் விமான நிலையம் இருக்கு. அதனால 'சமாளிச்சுக்குவாங்க' என்ற பக்கத்தில் விழுந்துட்டாங்க.

சமாளிச்சாங்களா? 2014 பிப்ரவரியில் ஒரு புயல், டாலிஷ் என்ற ஊரில் கடலோரத் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போச்சு. இங்கிலாந்தின் மற்ற பகுதிகளோடு ப்ளிமத்தை இணைக்கும் முக்கிய ரயில் பாதை அதுதான். ரெண்டு மாசம் ரயில் இல்லை. விமான நிலையத்தை மூடி அப்போ ரெண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு, இன்னும் மேற்கே இருக்கும் நியூகீ–லண்டன் விமானத்துக்கு அரசு மானியம் கிடைச்சது. நியூகீயில் ஓடுதளம் இருந்தது. ப்ளிமத்தில் மானியம் கொடுக்கவும் ஒரு ரூட் மிச்சமில்லை.

எந்த ஊர் அவசியம், எந்த ஊர் சமாளிக்கும் என்ற கோட்டை மனுஷங்கதான் போடறாங்க. நியூகீ விஷயத்தில் அதை மாத்தியும் போட்டாங்க. ஒரு ரூட் ஓடுமா ஓடாதான்னு பேச்சு வந்தா, எத்தனை சீட் நிரம்பும்னு எல்லாரும் கேட்பாங்க. இது நின்னுபோனா அந்த ஊர்க்காரங்க எப்படிப் போவாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.