தாரைப் பெயர்த்த முற்றங்கள்

2019 ஜூன் கடைசி வாரம். பதினைந்து வயது மாணவர்கள் நாடு முழுக்க எழுத வேண்டிய தேர்வை பிரான்ஸ் கல்வி அமைச்சகம் சில நாட்கள் தள்ளிவைத்தது. வினாத்தாள் கசியவில்லை, வெயில்தான் காரணம். ஜூன் 28 அன்று நாட்டின் தெற்கே 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. அடுத்த மாதம் 25ஆம் தேதி பாரிஸிலேயே 42.6 டிகிரி. அந்த நகரத்தின் வானிலைப் பதிவேட்டில் அதற்கு முன் அப்படியொரு நாள் இல்லை.

அன்று பாரிஸ் பள்ளி முற்றம் ஒன்றில் கால் வைத்திருந்தால், காலடியில் இருந்திருப்பது தார். சுவரிலிருந்து சுவர்வரை தார். தார் போட்டவர்களைக் குறை சொல்லிவிட முடியாது. கூட்டுவது எளிது, மழை பெய்தால் சேறாகாது, பந்து நன்றாகத் துள்ளும், ஒரு மூலையில் நிற்கும் ஆசிரியருக்கு மொத்த முற்றமும் கண்ணில் படும். ஆனால் கறுத்த புதுத் தார் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கிவிடும். பகலில் விழுங்கியதை இரவில் கக்கும். 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்துபோனதற்கு, நகரங்களின் தணியாத இரவுகளும் ஒரு காரணம்.

பாரிஸில் எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் முற்றங்களைச் சேர்த்தால் 70 ஹெக்டேருக்கு மேல் வரும். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் சில நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பள்ளி உண்டு. புதிதாகப் பூங்கா போட இடமில்லாத நகரத்துக்கு இது மறைந்து கிடந்த சொத்து. 2017இல் தாரைப் பெயர்த்து மரம் வைக்க ‘ஒயாசிஸ்’ (பாலைவனச் சோலை) என்ற பெயரில் நகராட்சி திட்டம் வகுத்தது. 2018 கோடை விடுமுறையில் முதல் சில பள்ளிகளில் தார் பெயர்க்கப்பட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிப் பணத்தில் பத்து முற்றங்கள் சோதனைக்களங்களாயின. இன்றைக்கு மாறிய முற்றங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன.

மரம் எதற்கு, நிழலுக்கு ஒரு கூரை போட்டால் போதாதா? தகரக் கொட்டகைக்குக் கீழே மதிய வேளையில் நின்றவர்களுக்கு விடை தெரியும். வெயில் படவில்லை, ஆனாலும் உச்சந்தலை காய்கிறது. தகடு சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராகக் கீழே அனுப்புகிறது. இலை அப்படிச் சூடாவதில்லை, அதற்கும் வியர்க்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் ஆவியாக்கும்போது, ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியை நாற்பது நிமிடம் ஓடவிட்டால் வரும் வெப்பம் அது. தண்ணீர் வசதியுள்ள ஒரு பெரிய மரம் வெயில் நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட ஆவியாக்கும்.

‘தண்ணீர் வசதியுள்ள’ என்பதுதான் இங்கே முக்கியம். தார்முற்றத்தில் சதுரம் வெட்டி நட்ட மரத்துக்கு மழைநீர் கிடைப்பதில்லை. அது சாக்கடைக்கு ஓடிவிடுகிறது. பாரிஸில் மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் போவதால், பெருமழையில் அது நிரம்பி சேன் ஆற்றில் கலந்துவிடும் தொல்லையும் உண்டு. அதனால் புதிய முற்றங்களில் மண், மரச்சீவல், நீர் இறங்கும் வெளிர்நிறத் தளம் என்று தரையே மாறியது. மழையை மரத்தடிக்குக் கொண்டுபோகச் சிறு வாய்க்கால்களும் வந்தன. அதில் காகிதக் கப்பல் விடலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது பொறியாளர் கணக்கு. நிழல் எந்த மூலையில் வேண்டும், யாருக்கு வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வராது. தினமும் அங்கே ஓடியாடுகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பாரிஸின் கட்டடக்கலை, நகரமைப்பு ஆலோசனை மையம் ஒன்று பள்ளிகளில் பட்டறைகள் நடத்தியது. பிள்ளைகள் தங்கள் முற்றத்தை வெளியாள் போலக் கவனித்தார்கள். எங்கே ஓடுகிறோம், எங்கே ஒதுங்குகிறோம், எந்தப் பக்கம் போவதே இல்லை என்று யோசித்து, வேண்டியதை வரைந்தார்கள், சிறு மாதிரிகள் செய்தார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் கேட்பார்கள் என்று பெரியவர்கள் எண்ணியிருக்கலாம். பிள்ளைகள் கேட்ட பட்டியலில் ஒளிந்துகொள்ள ஓரிடம், ஏற ஒரு மேடு, குடில், தண்ணீர், சும்மா உட்கார்ந்து பேச அமைதியான ஒரு மூலை எல்லாம் இருந்தன.

அந்த அமைதியான மூலைக்கு ஒரு பின்னணி உண்டு. நடுவில் கால்பந்துக் கோடு போட்ட முற்றத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். பந்தாடும் பையன்கள் சிலர் நடுவை எடுத்துக்கொள்கிறார்கள். சிறுமிகளும், பந்தாடாத பையன்களும், சின்ன வகுப்புப் பிள்ளைகளும் சுவரோரம் ஒட்டிக்கொள்கிறார்கள். கோட்டை அழித்து நடுவில் மேடும் செடியும் வைத்தால், நடு என்பதே இல்லாமல் போகிறது. வெப்பத்துக்காகத் தொடங்கிய வேலை இடப்பங்கீட்டில் வந்து நின்றது.

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. புதருக்குப் பின்னால் பிள்ளை விழுந்தால் எப்படித் தெரியும் என்பது ஆசிரியர்களின் கவலை. புதரை இடுப்பளவிலும் மரக்கிளையைத் தலைக்கு மேலும் வைத்து, இடையில் பார்வையைத் திறந்துவிடுவது அதற்கு வடிவமைப்பாளர்கள் சொல்லும் வழி. மரச்சீவல் வகுப்பறைக்குள் வருகிறதே என்பது துப்புரவுப் பணியாளர்களின் குறை. வேலை கூடுவது அவர்களுக்குத்தான் என்பதால், அவர்களையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்தாக வேண்டும். உடுப்பெல்லாம் மண் என்பது பெற்றோரின் புகார்.

அந்த மண்ணுக்குப் பின்லாந்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மழலையர் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டுத்தரை மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து பரப்பினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையான 75 பிள்ளைகள். 28 நாட்களில், காட்டு மண்ணில் விளையாடிய பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருந்தன. ரத்தத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சமநிலையில் வைக்கும் கூறுகளும் கூடியிருந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. ஒவ்வாமை குறையும் என்று இதை வைத்து உறுதி சொல்ல முடியாது. அழுக்கு என்றால் கேடு என்ற எண்ணத்தை மட்டும் அது அசைத்துவிட்டது.

ஸ்பெயினில் பார்சிலோனா நகரம் 11 பள்ளிகளை வெப்பப் புகலிடங்களாக மாற்றியபோது, பச்சையோடு நீலத்தையும் சாம்பலையும் சேர்த்துக்கொண்டது. பச்சை மரம், நீலம் தண்ணீர், சாம்பல் கட்டுமானம். 74 மரங்கள் நட்டார்கள், 26 இடங்களில் புதிதாகத் தண்ணீர் வைத்தார்கள், இரண்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பந்தலும் துணிக்கூரையும் போட்டார்கள். கூரை எதற்கு என்றால், மரம் வளரக் காலம் எடுக்கும், அதுவரை வெயில் காத்திருக்காது.

பாரிஸில் ஆரம்பப் பள்ளி ஆறு வயதிலிருந்து பதினொன்றுவரை. முதல் வகுப்பில் முற்றத்தை வரைந்து கொடுத்த சிறுமி பள்ளியை விட்டுப் போகும்போது, அவள் கேட்ட மரத்தின் நிழல் இரண்டு மூன்று பேர் உட்காரும் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கும் திட்டத்தில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். மாறிய முற்றங்களில் பலவற்றைச் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடுகிறார்கள். தள்ளுவண்டிக் குழந்தையோடு வரும் தாயும், தடியூன்றி வரும் தாத்தாவும், அந்தப் பள்ளியில் எப்போதோ படித்தவர்களும் உள்ளே வரலாம்.