கோவிட் போன பிறகு வரும் காய்ச்சல்: எம்ஐஎஸ்-சி

இன்னைக்கு எபிசோட், ஒரு டாக்டர் எங்க வீட்டில் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியது.

2021 ஜூன். இரண்டாவது அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். அக்கா பையனுக்கு எட்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி. ஏதோ ஒத்துக்கல போலன்னு ஓஆர்எஸ் கொடுத்துட்டு இருந்தோம். நாலாவது நாள் கண் இரண்டும் சிவந்துபோச்சு, உடம்பெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரியில் பிசிஆர் எடுத்தார்கள். நெகட்டிவ். எனக்கு நிம்மதி. டாக்டருக்கு இல்லை. அவர் கேட்டார்: "கடந்த ஒன்றரை மாசத்துல வீட்ல யாருக்காவது கோவிட் வந்துச்சா?"

வந்திருந்தது. நாலு வாரத்துக்கு முன்னாடி, அக்கா வீட்டுக்காரருக்கு. பையனுக்கு அப்போ ஒரு தும்மல்கூட இல்லை.

இதற்குப் பெயர் எம்ஐஎஸ்-சி. பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி வரும் நோய். 2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டன் டாக்டர்கள் முதலில் எச்சரித்தார்கள். மே 14-ம் தேதி அமெரிக்காவின் சிடிசி இதை வரையறுத்து அறிவித்தது. பார்க்க கவாசாகி நோய் மாதிரியே இருக்கும். அது ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்தது. ஆனால் கவாசாகி பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே வரும். எம்ஐஎஸ்-சி அதிகம் தாக்கியது எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை. இதில் வயிற்று வலியும், ரத்த அழுத்தம் சரிவதும், இதயத் தசை பலவீனமாவதும் அதிகம். சில குழந்தைகளுக்கு அப்பெண்டிசைட்டிஸ் என்றே முதலில் நினைத்தார்கள்.

குழப்பமே நேரத்தில்தான் இருக்கு. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து இது வரும். அதற்குள் வைரஸ் பெரும்பாலும் போயிருக்கும், அதனால் பிசிஆர் நெகட்டிவ் ஆகலாம். ஆன்டிபாடி டெஸ்ட்தான் பழைய தொற்றைக் காட்டிக்கொடுக்கும். எங்க வேலையிலும் இது உண்டு. போன மாசம் போட்ட ரிலீஸ் இன்னைக்கு சர்வரைச் சாய்க்கும். இன்றைய லாக்கை மட்டும் பார்த்தால் ஒண்ணும் புரியாது.

வைரஸ் போன பிறகு ஏன் சண்டை? 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒரு துப்பு கொடுத்தது. நோய் வந்த 199 குழந்தைகளின் ரத்தத்தை, கோவிட் வந்தும் இந்த நோய் வராத 45 குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். நோய் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உடம்பின் சொந்தப் புரதமான எஸ்என்எக்ஸ்8-ஐயே தாக்கும் ஆன்டிபாடி இருந்தது. வைரஸ் புரதத்தின் ஒரு சின்னத் துண்டு அந்தப் புரதத்தின் ஒரு பகுதியைப் போலவே இருக்கிறது. வைரஸை அடையாளம் காணப் பழகிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி அடிக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

பயப்பட வேண்டாம், இது அபூர்வம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்காவில் எடுத்த கணக்கு, இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களில் பத்து லட்சம் தொற்றுக்கு சுமார் 316. ஓமிக்ரான் காலத்தில் இன்னும் குறைந்தது. தடுப்பூசியும் ஆபத்தைக் குறைத்தது. ஆனால் வந்தால் தாமதிக்கக் கூடாது. ஐவிஐஜி என்கிற ஆன்டிபாடி மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், பெரும்பாலும் ஸ்டீராய்டும் சேர்த்து. ரத்தம் உறையாமல் இருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் உண்டு. ஆனால் அது டாக்டர் கொடுக்க வேண்டியது. காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு நீங்களாக ஆஸ்பிரின் கொடுத்துடாதீங்க.

மூன்று நாள் விடாத காய்ச்சலோடு வயிற்று வலி, வாந்தி, சிவந்த கண், தடிப்பு இவற்றில் ஏதாவது சேர்ந்தால் டாக்டரிடம் போங்க. குழந்தை துவண்டு கிடந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ நாள் கணக்குப் பார்க்காதீங்க, உடனே கிளம்புங்க. "போன மாசம் வீட்ல இன்னாருக்கு கோவிட் இருந்துச்சு"ன்னு அவர் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிடுங்க.

அக்கா பையன் ஐசியூவில் நாலு நாள் இருந்தான். முதல் எக்கோவில் இதயம் பம்ப் செய்வது குறைந்திருந்தது, சில மாதத்தில் சரியாச்சு. அவனை ஓடி விளையாட விடச் சொல்லும் வரை அக்கா தூங்கவே இல்லை. இப்போ தெருவில் கிரிக்கெட் ஆடுறான். அந்தக் கேள்வியை அன்னைக்கு யாரும் கேட்காமல் இருந்திருந்தால், நாங்க இன்னும் ரெண்டு நாள் ஓஆர்எஸ் கொடுத்துட்டுதான் இருந்திருப்போம்.