வந்துட்டானா, வந்துட்டாளா?

'டியா சூடா சம்பாய்' என்று மலேசியாவின் கூலாயில் ஒரு குறுஞ்செய்தி வந்தால், மலாயில் விஷயம் முடிந்தது: ஆள் வந்து சேர்ந்தாயிற்று. அதையே வீட்டில் தமிழில் சொல்லப் போகிறவருக்கு வினைமுற்றில் நாக்கு இடறும். வந்துட்டானா, வந்துட்டாளா? 'டியா' இருவருக்கும் பொது.

மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் என்றார் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன், 1959இல். மலாயில் வேண்டுமானால் 'லெலாக்கி', 'பெரெம்புவான்' என்று சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கூலாய்ச் சீனர் பலர் பேசும் ஹக்காவிலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். மாண்டரினில் இன்றும் ஒலி ஒன்றுதான். எழுத்தில் மட்டும் 'அவள்' தனியாகப் பிரிந்தது, அதுவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

தொல்காப்பியம் முதலில் திணை பிரிக்கிறது, பிறகுதான் பால். காளையானாலும் பசுவானாலும் 'வந்தது'. ஆண், பெண் பேதமெல்லாம் உயர்திணைக்கு. அங்கும் ஒரு சந்து உண்டு. 'டாக்டர் வந்துட்டாங்க' என்றால் ஆணா பெண்ணா என்பது தெரியாது. மரியாதை பாலை மூடிவிடுகிறது. ஒருமையில் பேச உரிமையோ துணிச்சலோ இருந்தால்தான் 'ன்', 'ள்' வாயில் வரும். இலக்கண வகுப்புகளில் இதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

தெலுங்கு இன்னும் வேடிக்கை. பெண் வந்தாலும் பசு வந்தாலும் 'வச்சிந்தி'தான். பன்மையில் மட்டும் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிவிடுவார்கள். பசுக்கள் தனியே 'வச்சாயி'.

இதெல்லாம் சிந்தனையையும் வளைக்குமா? சாவி ஜெர்மனில் ஆண்பால், ஸ்பானியத்தில் பெண்பால். ஜெர்மானியர் சாவியைக் கனமானது, கடினமானது என்றும், ஸ்பானியர் சிறியது, அழகானது என்றும் வர்ணித்ததாக உளவியலாளர் லெரா பொரோடிட்ஸ்கியின் குழு 2003இல் எழுதியது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட சோதனை. 2014இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இலக்கணம் நம்மைக் கவனிக்க வைக்கிறது என்பதுவரை ஏற்கலாம். நம்மை ஆள்கிறது என்பது மிகை.

மலாயில் பாலே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். பிரதிபெயர் விட்டதை அரசுப் பதிவேடு பிடித்துக்கொள்கிறது. மலேசியத் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் வரும் 'ஏ/எல்' மகன், 'ஏ/பி' மகள். அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.