2 லட்சம் கிலோமீட்டர் ஓடின சின்ன கார்: வித்துடணுமா, வெச்சுக்கலாமா?

போன வாரம் குரோம்பேட்டை ராதா நகர்ல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்க பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் வேலை. அப்பா 2013ல் வாங்கின பெட்ரோல் ஹேட்ச்பேக்கை இப்போது இவங்கதான் ஓட்டறாங்க. தினமும் போக வர 65 கி.மீ. ஓடோமீட்டரில் 1,92,000 கி.மீ. கேள்வி இதுதான்: "2 லட்சம் தாண்டினா இன்ஜின் இறக்கணும், அதுக்குள்ள தள்ளிவிட்டுடுன்னு எல்லாரும் சொல்றாங்க. புதுசு எடுத்தா மாசம் 12,700 ரூபா இ.எம்.ஐ. வீட்டு வாடகையும் நான்தான் கட்டறேன். என்ன பண்ணட்டும்?"

இது ஒருத்தருடைய கேள்வி மட்டும் இல்லை. தாம்பரம் தாண்டி வேலை, பல்லாவரம் பக்கம் வீடு என்று இருக்கிற நிறைய பேருக்கு வருஷத்துக்கு 20,000 கி.மீ. சாதாரணமாக ஓடிவிடும். அதனால் இந்த எபிசோட் முழுக்க இதையே பேசலாம். பதிலை முதலிலேயே சொல்லிடறேன்: 2 லட்சம் என்ற எண்ணை வைத்து மட்டும் காரை விற்காதீங்க. விற்க வேற நல்ல காரணங்கள் இருக்கு. அதையும் சொல்றேன்.

2 லட்சத்தில் என்ன ஆகிறது?

ஓடோமீட்டரில் 2,00,000 வருகிற அன்றைக்கு இன்ஜினுக்குள் எதுவும் நடப்பதில்லை. அதற்கு ஆதாரம் வேணும்னா ராத்திரி மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கம் நிற்கிற டி-போர்டு வண்டிகளைப் பாருங்க. டொயோட்டா எடியோஸை 2020ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 3, 4 லட்சம் கி.மீ. ஓடின எடியோஸ், டிசைர் கேப்களை இன்னமும் ரோட்டில் பார்க்கலாம். எங்க தெருவில் அவுட்ஸ்டேஷன் ட்ரிப் மட்டும் ஓட்டற ஒரு அண்ணன் இருக்கார். 3.8 லட்சம் ஓடியிருக்கு, இன்ஜின் இன்னும் பிரிக்கலை. இரண்டு தடவை கிளட்ச் மாத்தியிருக்கார். சஸ்பென்ஷன் வேலை எத்தனை தடவைன்னு அவரே கணக்கு வைக்கலை.

அதே தெருவில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் 9 வருஷத்தில் 31,000 கி.மீ. மட்டும் ஓடின கார் ஒண்ணு நிக்குது. கோயில், மார்க்கெட், பேரனை ஸ்கூல்ல விடறது, அவ்வளவுதான். "ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில் மாத்தணும்?" என்று இரண்டரை வருஷம் விட்டிருக்காங்க. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகப் பசை மாதிரி ஒட்டியிருந்தது. விற்கப் போனால் இந்த காருக்குத்தான் நல்ல விலை சொல்வாங்க. மீட்டர் கம்மியாச்சே!

கிலோமீட்டர் ஒரு கணக்கு, மணி இன்னொரு கணக்கு

நம்ம வேலையில், ஒரு சர்வர் எத்தனை ரிக்வெஸ்ட் பார்த்தது என்பதை வைத்து மட்டும் அதோட நிலைமையைச் சொல்ல மாட்டோம். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு சூட்டில் ஓடியது, எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாங்க என்றும் பார்ப்போம். காரும் அப்படித்தான். டயரும் வீல் பேரிங்கும் கிலோமீட்டருக்குத் தேயும். இன்ஜின் அதிகமாகத் தேய்வது ஓடின மணிக்கணக்கில்.

ஒரு மனக்கணக்கு போடலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பீக் அவரில் ஆபீஸ் போகிறவருடைய சராசரி வேகம் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 15,000 கி.மீ. என்றால் இன்ஜின் 750 மணி நேரம் ஓடியிருக்கும். அவுட்ஸ்டேஷன் கேப் வருஷத்துக்கு 60,000 கி.மீ., சராசரி 40 கி.மீ. வேகம். அது 1,500 மணி நேரம். கிலோமீட்டரில் 4 மடங்கு வித்தியாசம், மணியில் 2 மடங்குதான்.

அதோடு, ஸ்டார்ட் பண்ணின முதல் சில நிமிடங்களில்தான் தேய்மானம் அதிகம். ஆயில் கீழே சம்ப்பில் இறங்கியிருக்கும். பெட்ரோலும் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போகும். 2 கி.மீ. போய் நிறுத்தினால் ஆயில் முழுசாகச் சூடாகாது. அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்கும். அந்த அப்பார்ட்மென்ட் காரில் பார்த்த கறுப்புப் பசைக்கு ஒரு காரணம் இது. நம்ம ஊர் வெயிலில் இந்தப் பிரச்சினை குளிர் நாடுகள் அளவுக்கு இல்லை, ஆனால் இல்லாமல் இல்லை.

உலக அளவில் இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவின் இர்வ் கோர்டன். 1966ல் ஒரு வோல்வோ பி1800 வாங்கினார். அதே காரில் 2013ல் 30 லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கி.மீ. தொட்டார். அவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். வேலைக்குப் போக வரவே தினமும் 200 கி.மீ. வோல்வோ சின்ன கார் இல்லைதான். ஆனால் பாடம் ஒண்ணுதான்: தினமும் நீளமாக, நிதானமாக ஓடி, நேரத்துக்கு ஆயில் பார்த்த இன்ஜின் நீடிக்கும்.

இதில் உங்களுக்கு உடனே பயன்படற விஷயம் ஒண்ணு இருக்கு. மேனுவலில் 10,000 கி.மீ.க்கு ஒரு ஆயில் சேஞ்ச் என்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே "கடினமான சூழல்" என்று இன்னொரு அட்டவணை இருக்கும். நெரிசல், தூசி, குறைந்த தூரம் எல்லாம் அதில் சேரும். அங்கே இடைவெளி குறைவு. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஊர்ந்து போகிற எல்லாரும் அந்த இரண்டாவது அட்டவணைதான். பழைய கார் வாங்கும்போதும் இதே கணக்கு: சிட்டிக்குள் ஆப் கேப்பாக ஓடின 2 லட்சமும், திருச்சி, மதுரை என்று ஹைவேயில் ஓடின 2 லட்சமும் ஒண்ணு கிடையாது.

சின்ன காரை உண்மையில் கொல்வது எது?

1983 டிசம்பரில் வந்த மாருதி 800ல் 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். காரின் எடை 650 கிலோ சுற்றித்தான். எடை குறைவு என்றால் பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் சுமை குறைவு. சின்ன காரின் பலம் இது. பலவீனமும் அங்கேயே இருக்கு. ஏசி போட்டு, 4 பேர் ஏறி, 110ல் விரட்டினால் சின்ன இன்ஜின் தன் முழு சக்தியையும் கொடுக்க வேண்டியிருக்கும். 80ல் போனால் அதே கார் ரொம்ப காலம் வரும்.

முதல் எதிரி சூடு. நம்ம ஏரியாவில் அதற்கு ஒரு உள்ளூர்க் காரணம் இருக்கு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் உப்பைக் கூட்டியது பல ஆய்வுகளில் பதிவான விஷயம். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அந்த போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றினால், அதே வெள்ளை இன்ஜினுக்குள்ளும் படியும். தண்ணி போகிற பாதை அடைத்து, சூடு வெளியேறாமல் தங்கிவிடும். ஒருநாள் டிராஃபிக்கில் முள் சிவப்புக்குப் போகும். ஹெட் காஸ்கெட் போகும். அலுமினிய ஹெட் வளைந்தால் செலவு இன்னும் பெரிசு. சரியான கூலன்ட்டோட விலை சில நூறு ரூபாய். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, போர் தண்ணி வேண்டாம். முள் ஏறினால் "இன்னும் 2 கி.மீ.தானே" என்று ஓட்டாதீங்க. அந்த 2 கி.மீ.தான் இன்ஜினை முடிக்கும்.

இரண்டாவது டைமிங் பெல்ட். மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா இதிலெல்லாம் ரப்பர் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ், ஹூண்டாயின் கப்பா இன்ஜின்களில் செயின். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு, வருஷக் கெடு இரண்டும் உண்டு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உங்க காரில் எது இருக்கு என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க.

மூன்றாவது, ரப்பர் சாமான்கள். லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் பூட், டயர். கார் நின்றாலும் இதெல்லாம் வயசாகும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. மீட்டர் கம்மியான காரில் இதை அவசியம் பாருங்க.

நான்காவது வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம். தண்ணி ஏறின காரை ஸ்டார்ட் பண்ணினால் சிலிண்டருக்குள் போன தண்ணி அமுங்காது, அதற்குப் பதில் கனெக்டிங் ராட் வளையும். 10,000 கி.மீ. காரும் 2 லட்சம் கி.மீ. காரும் இதில் ஒண்ணுதான். சாவியைத் தொடாமல் டோ பண்ணுங்க. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இதற்குப் பொதுவாகப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக எடுக்கணும்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்தினாங்க. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. அதனால்தான் இன்னைக்கும் ஜி.பி. ரோட்டில் புதுசாகவோ, புதுப்பேட்டையில் பழசாகவோ சாமான் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இன்னொரு பக்கம் ஃபோர்டு. மறைமலை நகர் ஃபேக்டரியில் ஃபிகோ செய்தவர்கள், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தாங்க. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்றும் சொன்னாங்க. இருந்தாலும் வருஷத்துக்கு 20,000 கி.மீ. ஓட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த கார் ஒரு சாமானுக்காக 10 நாள் நின்னா நான் வேலைக்கு எப்படிப் போவேன்?" கேப் ஓட்டறவருக்கு அந்த 10 நாள், 10 நாள் வருமானம். ரோட்டில் அதிகம் ஓடற மாடலையே அவங்க எடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ பணக் கணக்கு

ராதா நகர் கேள்விக்கு வரலாம். மாசம் சுமார் 1,600 கி.மீ. 12,700 ரூபாய் இ.எம்.ஐ.யை அதால் வகுத்தால் கி.மீ.க்கு கிட்டத்தட்ட 8 ரூபாய், பெட்ரோல் சேர்க்காமலே. பழைய காருக்கு இன்ஜின் வேலை 50,000, கிளட்ச், சஸ்பென்ஷனுக்கு 30,000 ஆகும் என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த 3 வருஷம், 60,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 1 ரூபாய் 33 காசு. இன்ஜினைத் தொடவே வேண்டாம் என்றால் இன்னும் குறையும்.

அதைத் தெரிந்துகொள்ள கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்ப்பாங்க. நம்பர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, மேனுவல் சொல்கிற குறைந்தபட்சத்துக்கு மேலே இருந்தால் பெரிய கவலை இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருதா, கூலன்ட் குறையுதா, அதில் எண்ணெய் மிதக்குதா என்றும் பாருங்க.

விற்க நல்ல காரணம்

அடியில் துரு தின்ன கார், வெள்ளத்தில் முழுகி எழுந்த கார், இந்த இரண்டையும் விட்டுடுங்க. செலவு முடியவே முடியாது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். இந்தியாவில் புது கார்களுக்கு ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் கட்டாயமானது. 2013 சின்ன காரின் கீழ் வேரியன்ட்டில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. இன்ஜின் இன்னும் 1 லட்சம் கி.மீ. வரலாம், ஆனால் பெருங்களத்தூர் தாண்டி லாரிகளுக்கு நடுவே தினமும் 65 கி.மீ. போவது நீங்க. காரை மாத்தறதா இருந்தா இதுக்காக மாத்துங்க. அதற்கும் புது கார்தான் வேணும் என்றில்லை. 2019க்குப் பிறகு வந்த, ஹைவேயில் ஓடின, சர்வீஸ் ரெக்கார்டு சரியாக இருக்கிற பழைய கார் ஒண்ணு, 90,000 கி.மீ. ஓடியிருந்தாலும், பாதி இ.எம்.ஐ.யில் முடியலாம். மீட்டரைத் திருப்புறவங்க உண்டு. அதனால் சர்வீஸ் பில்லில் இருக்கிற கி.மீ.யோடு மீட்டரை ஒப்பிட்டுப் பாருங்க. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் எவ்வளவு தேய்ஞ்சிருக்கு என்றும் பாருங்க.

அதனால் அவங்களுக்கு என் பதில்: இந்த மாசம் கம்ப்ரெஷன் டெஸ்ட். கூலன்ட், ஆயில், பிரேக், டயர் நாலையும் சரி பண்ணுங்க. 80ஐத் தாண்டாமல் ஓட்டுங்க. இ.எம்.ஐ.யாகப் போக இருந்த 12,700ல் பாதியைத் தனியாக எடுத்து வைங்க. ஒரு வருஷத்தில் 76,000 ரூபாய் சேரும். அதை முன்பணமாகப் போட்டு ஏர்பேக் இருக்கிற காருக்கு மாறுங்க. அதுவரைக்கும் 2 லட்சத்தைத் தாண்டும்போது பயப்படாதீங்க.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் நம்பர்களை அனுப்பி வைங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்க்கலாம்.