மும்முறை நீண்ட கைகள்



வளர்ந்த மகனைக் கட்டித் தழுவும் தகப்பனாரை நம் தோட்டத்து லயங்களில் காண்பது அரிது. பாசம் இல்லாமல் அல்ல, கூச்சம். வட அயர்லாந்தில் ஓர் உழவர் வீட்டிலும் இதே கூச்சம்தான் இருந்தது. அந்த வீட்டின் மூத்த மகனே 1995-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற கவிஞர் சீமஸ் ஹீனி. அந்தக் கூச்சத்தைப் பாட அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இலத்தீன் காவியம் ஒன்று துணைநின்ற கதையை இன்று பார்ப்போம்.

ஹீனி 1939-இல் பிறந்தார். உடன்பிறந்தவர்கள் எண்மர். தகப்பனாருக்கு விவசாயமும் மாட்டு வியாபாரமும், பேச்சு குறைவு. மகன் உபகாரச் சம்பளம் பெற்று, பன்னிரண்டு வயதில் டெரி நகர விடுதிப் பள்ளிக்குப் போனார். அங்கே இலத்தீன் கற்றார். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இயற்றிய 'ஈனியட்' காவியத்தின் ஒன்பதாம் காண்டம் பரீட்சைக்குப் பாடம். கற்பித்த பாதிரியாரோ, ஆறாம் காண்டம் பாடமாக வரவில்லையே என்று ஓயாமல் ஏங்குவாராம். அந்த ஏக்கம் மாணவரையும் பற்றிக்கொண்டது. பாடத்திட்டத்துக்கு வெளியே ஆசிரியர் சொல்லும் பேச்சும் வீண்போவதில்லை என்று எங்களுக்கு இதில் ஒரு சந்தோஷம்!

ஆறாம் காண்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? எரிகின்ற ட்ராய் நகரிலிருந்து தகப்பனைத் தோளில் சுமந்து வெளியேறிய வீரன் ஈனியாஸ். தகப்பன் பயணவழியில் மாண்டுபோகிறார். அவர் முகத்தை மீண்டும் ஒரு முறை பார்க்க ஆசைப்பட்ட மகன், பொற்கிளை ஒன்றைப் பறித்து, அதையே அனுமதியாகக் காட்டி, ஓடமேறி ஆற்றைக் கடந்து, இறந்தோர் உலகத்துக்குள் போகிறான். தகப்பனைக் கண்டதும் தழுவக் கை நீட்டுகிறான். மூன்று முறை முயன்றும் கைக்குள் காற்றுதான்.

ஹீனியின் தகப்பனார் 1986-இல் காலமானார். அதன் பிறகுதான் அவர் இந்தக் காண்டத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். அவர் 2013-இல் மறைந்தபின், 2016-இல் அது நூலாக வெளிவந்தது.

மொழிபெயர்ப்பைவிட எங்கள் மனத்தைத் தொட்டது, 2010-இல் வந்த 'மனிதச் சங்கிலி' என்ற தொகுப்பிலுள்ள ஒரு கவிதை. அதில் வீரனும் இல்லை, பொற்கிளையும் இல்லை. வெர்ஜிலிடமிருந்து அந்த மூன்று தழுவலை மட்டும் எடுத்துக்கொண்டு தம் வாழ்க்கையில் எண்ணிப் பார்க்கிறார். விடுதிக்குப் போகுமுன் ஆற்றங்கரையில் தகப்பனாரை அணைத்திருக்கலாம், அது நடக்கவில்லை. இரண்டாவது, அவர் குடித்துத் தடுமாறிய ஓர் இரவில் உடுப்பைச் சரிசெய்ய உதவியபோது. மூன்றாவது, கடைசி வாரத்தில் குளியலறைக்கு அழைத்துப்போகையில், அக்குளில் கை கொடுத்துத் தாங்கியபோது. உதவி தேவைப்பட்டபோதுதான் தகப்பனின் உடம்பு மகன் கைக்குக் கிடைத்தது.

பிறகு ஒரு பேரப்பிள்ளை வருகிறான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டனார் மேல் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். கிழவருக்கும் ஆனந்தம். மகனால் ஆகாதது பேரனுக்கு ஒரு நொடியில் ஆகிவிட்டது.